நிமிர இரண்டேகால் அடி

அமெரிக்க மரக்கடைகளில் ப்ளைவுட் நாலுக்கு எட்டடிப் பலகையாக வரும். கண்ணீர்த்துளி ட்ரெய்லர் என்று இங்கே அழைக்கப்படும் குட்டி முகாம் வண்டியின் பழைய அளவெல்லாம் அந்தப் பலகையிலிருந்து பிறந்ததுதான்: அகலம் நாலடி, நீளம் எட்டடி, உயரமும் நாலடி. 1930களிலேயே வீட்டுக் கொட்டகைகளில் இதைச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். 1947இல் ‘மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழ் செய்முறைப் படங்களோடு வெளியிட்டது. உள்ளே மெத்தை, அவ்வளவுதான். பின்கதவை மேலே தூக்கினால் அடுப்படி. சமைப்பவர் புல்தரையில் நின்றுதான் சமைக்க வேண்டும்.

மிச்சிகனில் பனிக்காலம் முழுக்க கராஜில் உட்கார்ந்து நான் வரைந்துகொண்டிருப்பது இதன் கொஞ்சம் பேராசை பிடித்த வடிவம். சாலையில் ஓடும்போது நாலடி. நிறுத்தியதும் கூரை எழும்ப, உள்ளே ஆள் நிற்கலாம். தரைக்கும் கூரைக்கும் நடுவே 45 அங்குலம். தலை இடிக்காமல் நான் நிற்க 72 வேண்டும். மிச்சம் 27 அங்குலம், அதாவது இரண்டேகால் அடி.

காகிதத்தில் அது ஒரு கோடு. வண்டியில் அப்படியல்ல. சாதாரணக் கண்ணீர்த்துளி வண்டியில் இரண்டு பக்கச் சுவர்களையும் இறுக்கிப் பிடித்திருப்பதே கூரைதான். அதை வெட்டினால் வெட்டிய வாயைச் சுற்றி வேறு சட்டம் கொடுக்க வேண்டும். பக்கவாட்டு விளிம்பு வளைவாக ஓடுவதால் அங்கே கீல் போட வழியில்லை, கீலுக்கு நேர்கோடு வேண்டும். ஆகவே வண்டியின் குறுக்கேதான் போட முடியும். அதையும் முன்பக்கம் போட்டால்தான் ஓடும் வேகத்தில் காற்று புகுந்து கூரையைப் பிய்க்காது. தூக்கிப் பிடிக்கும் கேஸ் ஸ்ட்ரட் கடுங்குளிரில் வலு குறையும். சுற்றிலும் வரும் கான்வாஸை ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். இவ்வளவுக்கும் மேலே எடை. மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு முன்கொக்கியில் இறங்கவேண்டும். அது குறைந்தால் வண்டி நெடுஞ்சாலையில் வாலாட்டும். கூரைக்குக் கூட்டும் ஒவ்வொரு இரும்புக்கும் இந்தக் கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கிறது.

“அப்படி உள்ளே நின்னு என்ன செய்யப் போறீங்க?” என்று மனைவி கேட்டாள்.

பேன்ட் போட, என்றேன். அதைவிடப் பெரிய காரணம் எதுவும் அப்போது வாயில் வரவில்லை. பிறகு யோசித்தாலும் வரவில்லை.

எளிய வாழ்வைப் பற்றி 1854இல் வந்த ‘வால்டன்’ நூலில் அமெரிக்க எழுத்தாளர் தோரோ, ரயில் பாதையோரம் தொழிலாளர்கள் கருவிகளைப் பூட்டிவைக்கும் ஆறடி நீள, மூன்றடி அகலப் பெட்டி ஒன்றைக் குறிப்பிடுகிறார். காற்றுக்கு நாலு துளை போட்டுக்கொண்டால் ஒருவன் அதிலேயே படுத்து, வாடகைத் தொல்லை இல்லாமல் வாழலாமே என்பது அவர் எண்ணம். அந்தத் துளைகளை நான் மதிக்கிறேன்: இரண்டு பேர் மூச்சுவிடும் சிறு பெட்டியில் காற்றுவழி இல்லையென்றால் விடியும்போது சுவரில் தண்ணீர் வழியும். ஆனால் அதே தோரோ தனக்கென்று குடில் கட்டியபோது அது பத்துக்குப் பதினைந்தடி, தூண்கள் எட்டடி. பெட்டியை யோசித்தவருக்கும் வீட்டைக் கட்டியவருக்கும் முதுகெலும்பு ஒன்றுதான் போலும்.

பழைய வண்டிக்காரர்கள் கூரையைத் தாழ்த்தியது தத்துவத்துக்காக என்று நான் நம்பவில்லை. காசு குறைவு, கார்களின் இழுவையும் குறைவு. ஆனாலும் அந்தக் குறையால் ஒரு நன்மை விளைந்தது. படுக்க மட்டும் உள்ளே இடம் என்பதால் மற்றதற்கெல்லாம் மரத்தடிக்கு வந்தாக வேண்டும். நிற்கும் உயரம் கிடைத்துவிட்டால் அடுத்துச் சின்ன அடுப்பு உள்ளே வரும், பிறகு மடக்கு மேசை. ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து காப்பி குடிப்பதற்கு என் வீட்டு அடுப்படியே போதும்.

இப்படிப் பேசுவது ஏப்ரலில் எளிது. ஜூனில் சுப்பீரியர் ஏரிப் பக்கம் போனால் கருப்பு ஈ கடிக்கும். காதுக்குப் பின்னாலிருந்து ரத்தம் வரும். விடாத மழையில் 45 அங்குலத்துக்குள் இரண்டு பேர் பகல் முழுவதும் குந்தியிருப்பதை எளிய வாழ்வு என்று சொல்ல என்னால் ஆகாது. என் முழங்கால்களும் 1947இல் செய்தவை அல்ல என்றாலும், அதற்குக் கொஞ்சம் அருகில் வந்துவிட்டன.

கடைசியில் கூரையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எழுப்புவதாக முடிவு செய்திருக்கிறேன், கதவுக்கு நேர்மேலே. வெட்டும் வாய் சிறியது, கான்வாஸ் குறைவு, சுவர்களின் பிடிப்பும் பெரும்பாலும் போகாது. அடுப்பு வெளியேதான். ஒரே சிக்கல், ஒருவர் நிற்கும்போது மற்றவர் படுத்தேயிருக்க வேண்டும். காலையில் யார் முதலில் எழுவது என்பதற்கு வரைபடத்தில் இடம் ஒதுக்கவில்லை. அதை அவளிடம் இன்னும் பேசவுமில்லை.