விமானத்தின் அழகும் கல்வெட்டின் சாட்சியும்

அநீதியான சமுதாய அமைப்பொன்றினின்று பிறந்த கலையை, அவ்வநீதியை எதிர்ப்போர் மனமார இரசிக்கலாமா? சோழர் காலக் கோயில்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இவ்வினாவை நம்மிற் பலர் தட்டிக்கழித்து விடுகின்றனர். ஒரு சாரார் 'பொற்காலம்' என்னும் ஒரே சொல்லால் யாவற்றையும் மூடிவிடுவர். மறுசாரார் 'நிலப்பிரபுத்துவத்தின் எச்சம்' என்று கூறி முகத்தைத் திருப்பிக் கொள்வர். முன்னவர் கோயிலைப் பார்க்கின்றனர். அதன் சுவரை வாசிப்பதில்லை. பின்னவர் பார்ப்பதுமில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலையே எடுத்துக்கொள்வோம். முதலாம் இராசராசன் காலத்தில், 1010ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய அதன் விமானம் 200 அடிக்கு மேல் உயர்ந்தது. காவிரியின் வண்டல் படிந்த அந்நாட்டிலே அதற்கு வேண்டிய கருங்கல் முழுவதும் வெளியிலிருந்தே கொணரப்பட்டது. தளந்தோறும் சிறுகிச் சிறுகி மேலெழும் அவ்விமானத்தின் பாரம் பார்ப்பவர் கண்ணுக்குத் தோன்றுவதில்லை. கருவறையைச் சூழ்ந்த மேற்றளச் சுவரில் 108 ஆடற்கரணங்களுள் 81 செதுக்கப்பட்டுள்ளன. எஞ்சிய 27 இடங்கள் வெறுமையாகவே உள்ளன. கல்லை உடலாக வளைத்த அக்கைத்திறனை மறுப்பவன் கலையை மட்டுமன்றி மனித ஆற்றலையே மறுப்பவனாவான்.

எனினும், அதே கோயிலின் கற்கள் வேறொன்றையும் பேசுகின்றன. மன்னனும் அவன் தமக்கை குந்தவையும் தேவியரும் பிறரும் அளித்த கொடைகள் யாவும் அங்கே பொறிக்கப்பட்டன. பிற கோயில்களிலிருந்து கொணர்ந்து குடியேற்றப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களும் உள்ளன. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் விதிக்கப்பட்டன. குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்னும் சிற்பாசாரியின் பெயரும் உண்டு. கல்லை இழுத்தவர்களின் பெயர்கள் இல்லை. நெல் விளைந்த ஊர்களின் கணக்கு உண்டு. விளைத்தவர்களின் பெயர்கள் இல்லை. கொடையளிக்கப்பட்ட ஊர்களுள் ஈழத்து ஊர்களும் இருந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

அவ்வூர்க் கணக்குகளில் வரிக்கு உட்படாது நீக்கப்பட்ட நிலங்களின் வரிசையொன்று வருகிறது. ஊர்நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி என்பனவும் அங்கே எண்ணப்படுகின்றன. கம்மாணச்சேரியென்பது கைவினைத் தொழிலாளரின் குடியிருப்பு. கல்லுக்கு உயிரூட்டிய தொழிலும் ஊர்நத்தத்தினின்று பிரிந்த சேரியும் ஒரே சாசனத் தொகுதியில் அடுத்தடுத்து நிற்கின்றன.

'பதினொராம் நூற்றாண்டை இன்றைய அறத்தால் அளக்கலாமா?' என்று கேட்பர். நியாயமான கேள்விதான். ஆனால், நாம் இராசராசனை விசாரணைக் கூண்டில் ஏற்றவில்லை. பெருமைப்படுதல் என்பது இன்று நாம் செய்யும் செயல். ஆதலின் அதனை இன்றைய அறத்தாலேயே அளத்தல் வேண்டும்.

'உழைத்தவன் படைத்த கலை; ஆகவே அது மக்கள் கலை' என்று நம்மவர் சிலர் எளிதாக முடித்துவிடுவர். இது பாதி உண்மையே. கைத்திறனைப் புகழ்வது பட்ட இழிவுக்கு ஈடாகாது. அதற்காகக் கலையையே ஒதுக்கிவிடுவதோ, உழைத்தவனிடமிருந்து உழைப்பின் பயனை இரண்டாம் முறையும் பறித்து அரசனிடமே ஒப்படைப்பதாகும்.

எனவே, இரசனைக்கு ஒரு கடமை உண்டு. படைத்தவனின் சந்ததிக்கு வாயில் திறந்திருக்கிறதா என்று கேட்பதே அக்கடமை. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1939இல். இலங்கையிலே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் நிறைவேறியது. பதினொரு ஆண்டுகள் கழிந்து, 1968இலும் மாவிட்டபுரத்தில் ஆலய வாயிலிலே மக்கள் வழிமறிக்கப்பட்டனர். அன்று வழிமறித்தவர்களும் சோழர் கலையின் பெருமை பேசத் தயங்கியிருக்கமாட்டார்கள்.

வகுப்பறையில் சோழர் காலத்தைக் கற்பிக்கும் ஆசிரியன் விமானத்தின் உயரத்தைச் சொல்லட்டும். கரணங்களின் எழிலைக் காட்டட்டும். அதே பாடவேளையில் தீண்டாச்சேரி என்ற சொல்லையும் கரும்பலகையில் எழுதட்டும். இரண்டையும் ஒருங்கே அறிந்த மாணவனுடைய வியப்பே நேர்மையான வியப்பாகும்.