பன்னிரண்டு வருஷப் பிடிப்பு

காரின் உட்கூரைத் துணி தொய்ந்து தலையில் உரச ஆரம்பித்தால் முதலில் துணியைத் திட்டுவோம், அப்புறம் பசையைத் திட்டுவோம். கழற்றிப் பார்த்தால் இரண்டின் மேலும் குற்றமில்லை. மேலே அச்சில் வார்த்த அட்டை, கீழே நம் கண்ணுக்குத் தெரியும் துணி, இரண்டுக்கும் நடுவே மெல்லிய ஃபோம். அட்டை அப்படியே இருக்கும். துணியில் ஒரு இழைகூட விட்டிருக்காது. நடுவில் இருக்கும் ஃபோம்தான் பொடிந்துபோயிருக்கும். அது பாலியூரிதேன். சூட்டையும் ஈரத்தையும் வருஷக்கணக்கில் தாங்காது. சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் 60 டிகிரி வரை ஏறும். கூரைத் தகட்டை ஒட்டிய இடம் இன்னும் காயும். ராத்திரியானால் கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவரும். மயிலாப்பூரில் இரும்புக் கம்பியே தப்பாதபோது ஃபோம் எந்த மூலைக்கு?

எங்கள் கார் என் கணவர் ஓட்டியது. அவர் போன பிறகு மந்தைவெளியில் எங்கள் தெரு ஓரத்திலேயே பெரும்பாலும் நின்றது. விற்க மனமில்லை. பின்சீட்டுக்கு மேலே துணி பந்தல் மாதிரி இறங்கி, கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி தெரியாமல் மறைத்தபோது, அடையாறிலிருந்து தம்பியை வரச்சொன்னேன். கடையில் கொடுத்தால் முடிகிற வேலைதான். ஆனால் அந்த வண்டியில் இன்னொருவர் கை வைப்பதை அப்போது என்னால் தாங்க முடியவில்லை.

ஜி.பி. ரோடு கடைக்காரர் நல்லவர். சாதாரணத் துணி வாங்கிவிடாதீர்கள் என்று அவரே தடுத்தார். “ஃபோம் ஒட்டின ரூஃப் துணிதான் போடணும்மா. இல்லேன்னா அட்டையில இருக்கிற மேடு பள்ளமெல்லாம் அப்படியே வெளிய தெரியும்.” பசையிலும் சூடு தாங்கும் ரகம் பார்த்துக் கொடுத்தார். சாதாரணப் பசை மார்கழியில் பிடித்துக்கொண்டு சித்திரையில் இளகிவிடுமாம்.

சன் வைசர், கைப்பிடிகள், உள்விளக்கு, ஓரப் பட்டைகள் எல்லாவற்றையும் கழற்றி, அட்டையை மடங்காமல் பின்கதவு வழியாக உருவி, மொட்டைமாடியில் மல்லாத்தினோம். துணியைப் பிடித்து இழுத்ததுமே வந்துவிட்டது. அடியில் ஆரஞ்சும் பழுப்பும் கலந்த பொடி. விரலால் தொட்டால் பொடியாகவும் இல்லை, பசையாகவும் இல்லை; இரண்டுக்கும் நடுவே ஒரு பிசுபிசுப்பு. அதைச் சுரண்டுவதுதான் முழு வேலையும். மென்மையான பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். அழுத்தினால் அட்டை பெயர்ந்துவிடும். பொடி மிச்சமிருந்தால் புதுப் பசை அட்டையைப் பிடிக்காது, அந்தப் பொடியைத்தான் பிடிக்கும். குண்டூசி குத்தி வைப்பவர்கள், ஊசியால் பசை ஏற்றுபவர்கள் எல்லாம் தோற்பது இங்கேதான்.

சுரண்டிக்கொண்டே தம்பி கேட்டான். அவனுக்குக் கோயில் பழக்கம் விட்டு வெகுகாலம் ஆகிறது. “ஏன்கா, கபாலி கோயில்லயும் பன்னெண்டு வருஷத்துக்கு ஒருதரம் பசை போடறாங்களே. பசை விட்டுப்போச்சுன்னா உள்ள இருக்கிறவர் என்ன ஆவார்?”

கேலியாகக் கேட்கவில்லை. அதனால் நானும் யோசித்தேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவன் பசை என்றது அஷ்டபந்தன மருந்தை. கொம்பரக்கு, சுக்கான் கல், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்று எட்டுப் பொருள். உரலில் போட்டு இடித்துக்கொண்டே இருப்பார்கள். முதலில் கல்லும் அரக்கும் தனித்தனியாகத் தெரியும். இடிக்க இடிக்க வெண்ணெயும் மெழுகும் ஊடே இறங்கி, மாவு மாதிரி திரண்டு வரும். சூடு ஆறுவதற்குள் திரித்து எடுத்து, மூர்த்தி பீடத்தில் பொருந்துகிற இடைவெளியில் சுற்றிலும் அழுத்திச் சாத்துவார்கள். அது இறுகிக் கல்லோடு கல்லாக நிற்கும். அபிஷேக நீர் அடியில் உள்ள யந்திரத்துக்கும் ரத்தினங்களுக்கும் இறங்காமல் காப்பதும் அதுதான்.

இந்த மருந்துக்குப் பன்னிரண்டு வருஷக் கெடு வைத்திருக்கிறார்கள். பொன்னால் பந்தனம் செய்யும் முறையும் உண்டு. அது நூறு வருஷம் தாங்கும் என்பார்கள். அதற்கும் கெடு உண்டு என்பதை கவனிக்க வேண்டும். என்றைக்கும் விடாத பிடிப்பு என்று எதையும் நம் ஆகமக்காரர்கள் சொல்லிவைக்கவில்லை. குடமுழுக்கையே நான்காகப் பிரித்தார்கள். புதிதாக எழுப்பும் கோயிலுக்கு ஆவர்த்தம். ஆற்றாலும் கடலாலும் அழிந்து மறுபடி எழும்புவதற்கு அனாவர்த்தம். பழுது பார்த்து மருந்து சாத்துவதற்குப் புனராவர்த்தம். களவு முதலிய குற்றம் நேர்ந்தால் அந்தரிதம். நான்கில் மூன்று, கெட்டுப்போனதைச் சரிசெய்ய. விட்டுப்போகும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஒரு மதம் இது. இதில் எனக்குப் பெரிய நிம்மதி இருக்கிறது.

தம்பிக்கு உடனே சொல்லக்கூடிய பதில் ஒன்று உண்டு: இறைவன் எங்கும் நிறைந்தவன், மருந்து கல்லுக்குத்தான். அது உண்மை என்றே நினைக்கிறேன். ஆனால் அதை அத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டு எழுந்து போக எனக்கு விருப்பமில்லை. எங்கும் நிறைந்தவனுக்கு கோயில் எதற்கு, விளக்கு எதற்கு, நான் எதற்கு என்று அது போய்க்கொண்டே இருக்கும்.

நியாய, வைசேஷிகக்காரர்கள் சேர்க்கையை இரண்டு விதமாகப் பார்த்தார்கள். நூலும் ஆடையும் சேர்ந்திருப்பது ஒன்று. அதைச் சமவாயம் என்றார்கள். பிரித்தால் ஆடையே இல்லை. தனித்தனியாக இருக்கும் இரண்டு பொருள்கள் ஒரு செயலால் வந்து தொட்டுக்கொள்வது இன்னொன்று, சம்யோகம். அது செயலால் உண்டாகும், பிரிவால் அழியும். தத்துவம் படிப்பவர்களுக்குச் சமவாயத்தின் மேல்தான் மயக்கம் அதிகம். எனக்கு அப்படி இல்லை. விட்டுப்போகவே முடியாத சேர்க்கையில் பக்திக்குச் செய்ய என்ன வேலை இருக்கிறது? உரல் வேண்டாம், வெண்ணெய் வேண்டாம், இடிக்கிற கையும் வேண்டாம். பக்தி சம்யோகத்தைச் சேர்ந்தது. விட்டுப்போகக்கூடியதாக இருப்பதால்தான் அதை நாம் செய்ய முடிகிறது.

2016 ஏப்ரல் 3-ஆம் தேதி கபாலீஸ்வரர் கோயில் குடமுழுக்கு. நானும் என் கணவரும் மாடவீதிக் கூட்டத்தில் அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். அவர் போன பிறகு நான் கோயிலுக்குள் போகவில்லை. கோபம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். கோபமில்லை. காய்கறி வாங்கிக்கொண்டு கோபுர வாசலைத் தாண்டித்தான் வருவேன். சுவாமி அங்கே இருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகம் வந்ததே கிடையாது. நானும் பழைய ஆள்தான். நடுவில் இருந்தது மட்டும் பொடிந்துவிட்டது. அந்தப் பிசுபிசுப்பான பொடியை விரலில் பார்த்தபோது, யார் மேலும் குற்றம் சொல்லத் தேவையில்லை என்று எனக்கே முதல்முறையாகத் தோன்றியது.

திருப்பணி நடக்கும்போது கோயிலில் பூஜையை நிறுத்துவதில்லை. மூலவரின் சாந்நித்தியத்தைக் கும்பநீரிலும் பலகையில் எழுதிய உருவத்திலும் இறக்கி, ஓர் ஓரமாக வைத்து, அங்கே நித்திய பூஜை செய்வார்கள். பாலாலயம் என்று பெயர். சின்ன இடம், சின்ன விளக்கு. கோயிலுக்குள் போகாத அந்தக் காலத்தில் வீட்டில் சாயங்காலம் விளக்கேற்றுவதை மட்டும் நான் விடவில்லை. மந்திரம் கிடையாது, பாட்டு கிடையாது. பழக்கதோஷம் என்றுதான் நினைத்தேன். இப்போது அதை பாலாலயம் என்றே வைத்துக்கொள்கிறேன். பழைய மருந்தை முழுக்கப் பெயர்த்தெடுத்த பிறகுதான் புதிது சாத்த முடியும். பெயர்த்தெடுக்கும் காலம் நீளமானது.

மயிலைக்கு இது புதிதும் இல்லை. கடற்கரையில் இருந்த பழைய கபாலீச்சரம் போர்ச்சுகீசியர் காலத்தில் அழிந்துபோயிற்று. அதன் கல்வெட்டுத் துண்டுகள் சாந்தோம் பக்கம் கிடைத்திருக்கின்றன. இன்றைக்கு நாம் கும்பிடுவது இடம் மாறி மறுபடி கட்டிய கோயிலை. அது வேறு கோயில் என்று மயிலாப்பூரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அட்டையிலும் துணியிலும் பசை தடவினோம். ஈரம் போய்த் தொட்டால் ஒட்டும் பதம் வரும்வரை காத்திருந்தோம். பாதித் துணியை மடித்து வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவினோம். அவசரப்பட்டால் குமிழ் விழும். ராத்திரி முழுக்கக் காயவிட்டு, காலையில் விளக்குக்கும் கைப்பிடிக்கும் பிளேடால் துளை வெட்டினான் தம்பி.

அப்போது அவனுக்குப் பூம்பாவைப் பதிகத்தைச் சொன்னேன். பாம்பு கடித்து இறந்தவளின் எலும்பும் சாம்பலும் ஒரு குடத்தில். அவளைத் திரும்பி வரச்சொல்லி சம்பந்தர் மயிலையின் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவற்றைப் பார்க்காமலா போவாய் என்று கேட்கிறார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, பூசம், கடலாட்டு, உத்திரம் என்று போய், விழாக்களில் கடைசியாக அவர் சொல்வது பெருஞ்சாந்தி. அதைக் குடமுழுக்கு என்று சொல்பவர்கள் உண்டு. வருஷம் முழுதும் பூஜையில் நேர்ந்த குறைகளைத் தீர்க்கும் பவித்திரோற்சவம் என்பவர்களும் உண்டு. எதுவாக இருந்தாலும் அது குறை தீர்க்கிற விழா. போன உயிரை அழைக்க ஏழாம் நூற்றாண்டில் ஒருவர் கடைசிக் காரணமாக அதை வைத்திருக்கிறார்.

“அது பாட்டுக்கா” என்றான் தம்பி.

பாட்டுதான். ஆனால் அவன் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் அதுதான். 2016-லிருந்து பன்னிரண்டைக் கூட்டினால் 2028. மருந்து இடிக்கும்போது அவனும் என்னோடு வர வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். வருவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.