கோழிக்குப் போட என்ன இருந்தது?

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனில் ஆளுக்கு வாரம் ஒரு முட்டைதான். அதுவும் கடைக்கு வந்தால். 1942 முதல் அமெரிக்க முட்டைப் பொடி கைகொடுத்தது. அதில் ஒரு டப்பா 12 முட்டைக்குச் சமம். புது முட்டை வேண்டியவர்கள் கொல்லைப்புறத்தில் கூண்டு அடித்துக் கோழி வளர்த்தார்கள். பங்கீட்டு அட்டையிலுள்ள முட்டைப் பங்கை விட்டுக்கொடுத்தால் அரசு கோழித் தீவனம் தரும். வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலோடு அதைப் பிசைந்து வைப்பார்கள்.

அப்படிப் பங்கை விட்டுக்கொடுத்த குடும்பங்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். குளிரில் கோழி முட்டையிடாமல் நின்றுபோகலாம், நரி தூக்கிப்போகலாம். இருந்தும் அட்டைப் பங்கை விட்டுக் கோழியை நம்பினார்கள். அக்கம்பக்கத்தார் சங்கம் சேர்ந்து பன்றி வளர்த்தார்கள். லண்டன் ஹைட் பார்க்கில் போலீஸ்காரர்கள்கூட வளர்த்தார்கள். வீட்டில் வளர்த்து, பேர் வைத்துக் கொஞ்சிய முயல் குழம்பாகி வரும்போது ஒரு பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டால், அது நியாயம்தான். சாப்பிடுவதை முகம் பார்த்து வளர்த்தவர்களுக்கு அந்த வலி வந்தே தீரும். பொட்டலமாகக் கறி வாங்கும் நமக்கு அது வராமலே போய்விட்டது.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது அந்த உருளைக்கிழங்குத் தோல்தான். வீட்டுப் பிராணி மிச்சத்தில் வாழ்வது. நம் ஊர்க் கழுநீர்ப் பானையிலும் அரிசி களைந்த நீரும் காய்கறித் தோலும் வடிகஞ்சியும் சேர்ந்துதான் மாட்டுக்குப் போகும். மனிதர் உண்டபின் ஏதாவது மிஞ்ச வேண்டும். 1943இல் வங்காளத்தில் எதுவும் மிஞ்சவில்லை. கிராமங்களிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தவர்கள் வீட்டு வாசல்களில் நின்று சோறு கேட்கவில்லை, வடிகஞ்சி கேட்டார்கள். மாட்டுக்குப் போக வேண்டியதை மனிதர் கையேந்திக் கேட்டார்கள். அந்தப் பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் இறந்ததாகக் கணிக்கிறார்கள்.

அதனால் பிரிட்டனின் கொல்லைக் கோழிகளை வெறும் சிக்கனத்தின் வெற்றி என்று பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் குடும்பங்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பிரிட்டனில் ஏழை பணக்காரர் எல்லோர் கையிலும் ஓர் அட்டை இருந்தது, அடுப்பில் ஏதோ வெந்தது, தோல் மிஞ்சியது. அங்கே பங்கீடு 1940 ஜனவரியில் தொடங்கிவிட்டது. அதே அரசின் ஆட்சியில் இருந்த கல்கத்தாவுக்கு அது வந்தது 1944 ஜனவரிக் கடைசியில், சாவு கொள்ளைகொண்டு போன பிறகு.