நஷ்டத்தில் மட்டும் பங்கு

சாகுபுரத்து உப்பளங்களைக் கண்டவர்கள், அந்த உப்பெல்லாம் நம் சமையலறைக்கே வருகிறது என்று எண்ணிவிடக் கூடாது. அவ்வூர் இரசாயனத் தொழிற்சாலையில் உப்புநீருக்குள் மின்சாரத்தைச் செலுத்திக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கிறார்கள். காகித ஆலைகளில் மூங்கிலையும் மரத்தையும் வேகவைத்துக் கூழாக்கக் காஸ்டிக் சோடா வேண்டும். அந்தக் கூழை வெளுக்க வெகுகாலம் குளோரின்தான் பயன்பட்டது. ஆகவே, எங்கோ ஒரு காகித ஆலை மூடப்பட்டது என்பது இந்தக் கடற்கரைக்கு அயலூர்ச் செய்தியன்று. எழுதிப் பிழைக்கும் எனக்கோ அது சொந்த வீட்டுச் செய்தி.

அஸ்ஸாமில் இந்துஸ்தான் காகிதக் கழகத்துக்கு இரண்டு ஆலைகள் இருந்தன. கச்சார் ஆலையில் 2015 அக்டோபரிலும், நாகோன் ஆலையில் 2017 மார்ச்சிலும் உற்பத்தி நின்றது. சம்பளமும் நின்றது. ஆனால், 'உங்களுக்கு இனி வேலையில்லை' என்று எவரும் வாய் திறந்து சொல்லவில்லை. வேலை பெயரளவில் இருந்தது; அடுப்பில் நெருப்பு இல்லை. 2021 செப்டம்பரில்தான் மாநில அரசு 570 கோடி ரூபாய் நிவாரணத்துக்கு உடன்பட்டது. அதற்குள் ஊழியர்களில் தொண்ணூறு பேருக்கு மேல் இறந்துவிட்டதாகத் தொழிற்சங்கத்தார் கணக்குச் சொன்னார்கள்.

"நஷ்டத்தில் ஓடும் ஆலையை எத்தனை நாள் ஓட்டுவது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஓடாத ஆலையை ஓட்டியே தீரவேண்டும் என்று நான் வாதாடவில்லை. நான் கேட்பது வேறு: அந்த நஷ்டத்தை யார் தலையில் இறக்குவது?

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். பழைய முத்துக்குளிப்பில் எடுத்த சிப்பியை மூன்று கூறாக்குவார்கள். இரண்டு கூறு சர்க்காருக்கு, ஒரு கூறு மூழ்கியவர்களுக்கு. மூச்சை அடக்கி உயிரைப் பணயம் வைத்தவனுக்கு மூன்றில் ஒன்று போதுமா என்பது தனி வழக்கு. ஆயினும் அவனுக்கு ஒரு பங்கு இருந்தது. சிப்பிக்குள் முத்திருந்தால் அவனுக்கும் லாபம். வெறுஞ்சிப்பியானால் இரு தரப்புக்கும் ஏமாற்றம்.

ஆலைத் தொழிலாளிக்கு அந்தக் கூறுபாடு இல்லை. நல்ல ஆண்டுகளில் அவனுக்குக் கிடைப்பது போனஸ். சட்டப்படியான போனஸ், சம்பளத்தில் 20 சதவீதத்துக்கு மேல் போகாது. ஆட்குறைப்பில் வெளியே அனுப்பினால், ஓராண்டு உழைப்புக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்ற விகிதத்தில் நஷ்டஈடு. 1953-இல் வந்த விதி இது. லாபத்தில் அவன் பங்குக்கு வரம்பு கட்டியிருக்கிறோம். நஷ்டத்தில் அவன் பங்குக்கு எங்கே வரம்பு? மகளின் கல்யாணம், மகனின் படிப்பு, மனைவியின் மருந்து எல்லாம் அதில் போகின்றனவே!

லாபத்தில் கூட்டாளியாக ஏற்காதவனை நஷ்டத்தில் மட்டும் கூட்டாளியாக்குவது வியாபார தர்மமும் ஆகாது. ஆலையை மூடவேண்டுமானால் மூடட்டும். ஆனால், பூட்டுப் போடும் அன்றைக்கே தொழிலாளியின் பாக்கியைத் தீர்த்து, "இனி வேலையில்லை" என்பதை முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். பிழைப்புக்கு வேறு வழி தேட அவனுக்குக் காலமாவது மிஞ்சும். வறுமையைவிடக் கொடியது, வருமோ வராதோ என்று வாசலையே பார்த்திருக்கும் வறுமை.