பச்சைக் கிளையை வெட்டலாமா?

வேரிகேட்டட் என்று நர்சரியில் கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறோமே, அந்த வண்ண இலை, செடியைப் பொறுத்தவரை ஒரு பற்றாக்குறை. வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது. அங்கே உணவு தயாராகாது. மிச்சமிருக்கும் பச்சைதான் அதற்கும் சேர்த்து உழைக்கிறது.

என் ஜன்னலில் தொங்கும் ஹோயா கார்னோசா இந்த ரகம். மெழுகு பூசினாற்போல் தடித்த இலை, ஓரமெல்லாம் வெள்ளை, தளிரில் இளஞ்சிவப்பு. நம் ஊர் எருக்குக்கு இது சொந்தம்தான். இதையும் கிள்ளினால் பால் வடியும். லண்டன் அருகே சையன் மாளிகைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட தாமஸ் ஹோயின் பெயரைத்தான் 1810இல் ராபர்ட் பிரவுன் இந்தப் பேரினத்துக்குச் சூட்டினார். மாளிகைக்காரப் பிரபுவை விட்டுத் தோட்டக்காரரை நினைத்தாரே, நல்ல மனுஷன்.

வளர்ப்பதில் பெரும்பகுதி கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான். மண் காயுமுன் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும். தொட்டியில் வேர் நெருக்கமாக இருந்தால்தான் நன்றாகப் பூக்கும். இலையே இல்லாமல் நீளமாக ஒரு கொடி நீட்டும். வீணென்று நறுக்கிவிடக் கூடாது, இலை பிறகு வரும். பூ உதிர்ந்த காம்பையும் விட்டுவைக்க வேண்டும், அடுத்த கொத்து அதிலேயே வரும்.

இத்தனை பொறுமையும் ஓரிடத்தில் சோதனைக்கு வருகிறது. திடீரென முழுப் பச்சையாக ஒரு கிளை கிளம்பும். வெள்ளை இல்லாததால் வேகமாக வளர்ந்து மற்றவற்றை அமுக்கிவிடும். உடனே வெட்டு என்பார்கள் விஷயம் தெரிந்தவர்கள். செடிக்கோ அதுதான் சோறு போடும் கிளை! சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை என்று மெச்சிக்கொண்டே இருந்துவிட்டு, அது முதல் தடவை தன் இஷ்டத்தைச் சொன்னதும் ‘எப்படி மாறிவிட்டான் பார்’ என்று முகம் சுளிப்போமே, ஏறக்குறைய அந்தக் கதை. நமக்குப் பிடித்த உருவத்திலேயே ஒன்றை நிறுத்திவைப்பதற்கும் பராமரிப்பு என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம்.

நானும் வெட்டத்தான் செய்கிறேன். அந்த வெள்ளை விளிம்பை இழக்க மனமில்லை. ஆனால் செடியின் நன்மைக்காக என்று சொல்லிக்கொள்வதை நிறுத்திவிட்டேன். அது என் கண்ணுக்காக.

நீங்களும் வெட்டினால் அந்தப் பச்சைத் துண்டைக் குப்பையில் போடாதீர்கள். தண்ணீரில் வைத்தால் வேர்விடும், தனித் தொட்டியில் தன் போக்கில் வளரட்டும். துண்டில் கணு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெறும் இலை வேர்விட்டாலும் கொடியாகாது.