எத்தனை பாட்டு வேண்டும்?

பதுளை வீதி வந்து திருகோணமலை வீதியைச் சந்திக்கும் இடம் செங்கலடி. அங்குள்ள போன் கடை ஒன்றின் கண்ணாடிப் பெட்டிக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு பாட்டுக் கருவி கிடக்கிறது. திரை இல்லை. சட்டைப் பையில் கொளுவ ஒரு கிளிப், அமத்த வட்டமாய் ஒரு பொத்தான், அடியில் மெமரி கார்ட் செருகும் பிளவு. பக்கத்திலே திரை வைத்த கருவிகள். அவற்றுக்கு மேல் தட்டில் போன்கள். அவற்றுக்குள் உலகத்துப் பாட்டெல்லாம் வந்துவிடும். விலையும் பற்றரியும் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு, கடைக்காரரே சொல்லிவிடுவார். நமக்கு எத்தனை பாட்டு வேண்டும் என்பதை மட்டும் அவரால் சொல்ல முடியாது.

இந்தக் கேள்வி கருவிகளோடு கூடவே பிறந்தது. 1998இல் கொரியாவில் வெளிவந்த எம்பிமேன் என்ற பாட்டுக் கருவி 32 மெகாபைட் கொண்டது. எட்டுப் பாட்டளவில் நிறைந்துவிடும். 2001 அக்டோபரில் வந்த ஐபொட், 5 கிகாபைட் சுழல்வட்டுக்குள் ஆயிரம் பாட்டு என்றது. அதே நிறுவனம் 2005 ஜனவரியில் திரையே இல்லாத ஷஃபிளைக் கொண்டுவந்தது. அதன் சிறிய வகையில் ஏறியது சுமார் 120 பாட்டு. ஆயிரத்தைக் கையில் கொடுத்தவர்களே நூற்றிருபதுக்கு இறங்கிவந்தார்கள், சனமும் விரும்பி வாங்கியது. சுழலும் வட்டுக்குப் பதில் அசையாத நினைவகச் சில்லு என்பதால் எடையும் விலையும் குறைந்தன, உண்மைதான். ஆனாலும் நிறைய வேண்டும் என்ற ஆசைக்குப் பக்கத்திலேயே குறைவாக இருந்தால் நல்லது என்ற ஆசையும் மனிதருக்குள் இருக்கிறது என்றே நான் இதை வாசிக்கிறேன்.

இத்தகைய கருவிகளில் பாட்டைச் சுருக்கி வைக்கும் எம்.பி.3 என்ற அமைப்பே விட்டுவிடுதலால் ஆனது. ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க்கும் கூட்டாளிகளும் மனிதக் காதைத்தான் ஆராய்ந்தார்கள். ஓங்கி ஒலிக்கும் ஓசை, அதையொட்டிய மெல்லிய ஓசையை நம் காதிலிருந்து மறைத்துவிடுகிறது. மறைவதைச் சேமித்து வைப்பானேன் என்று கழித்தார்கள். சாதாரண எம்.பி.3 பாட்டு, இறுவட்டில் இருப்பதில் ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு. பத்துப் பங்கை இழந்த பின்னும் பாட்டு நமக்குப் பாட்டாகவே கேட்கிறது. எதைக் கழிக்கலாம் என்பதைக் காதை அறிந்தவர்கள் தீர்மானித்தார்கள், அதனால் அது நிலைத்தது. நமது நாட்களில் எதைக் கழிக்கலாம் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்?

கசெட் காலத்தில் அதை நாமே தீர்மானித்தோம். அறுபது நிமிடக் கசெட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். பாட்டுப் பதியும் கடைக்குப் போகுமுன் கொப்பித் தாளில் பட்டியல் எழுதுவோம். ஏழாவது பாட்டுக்கு வரும்போது பக்கம் முடிந்துவிடும் என்று தெரியும். முன்னே எழுதிய ஒன்றை வெட்டிவிட்டு இன்னொன்றை எழுதுவோம். அந்த வெட்டுக் கோட்டில் ஒரு நேர்மை இருந்தது. பிடிக்கும் என்று வாயால் சொன்ன பாட்டுக்கும் உண்மையில் பிடித்த பாட்டுக்கும் உள்ள தூரம் அங்கேதான் தெரியவந்தது. இன்று மாதக் கட்டணத்தில் கோடிப் பாட்டுகள் திறந்து கிடக்கின்றன. அங்கே வெட்ட ஒன்றும் இல்லை. கட்டணம் நின்றால் எல்லாம் ஒருங்கே போய்விடும், எதை இழந்தோம் என்று பெயர் சொல்லவும் நமக்கு வராது.

எங்கள் பகுதியின் எழுவான்கரை, படுவான்கரை ஊர்களில் கூத்துப் பழகும் முறையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் சட்டம் (பாட்டுப் பிரதி) கொடுக்கும்போது முழுக் கூத்தையும் எல்லோருக்கும் கொடுப்பதில்லை. அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டு அவரவர் கைக்கு வருகிறது. அதை மாதக் கணக்கில் பாடிப் பாடி, மத்தளத்துக்கும் சல்லரிக்கும் கால் இசைந்துவர, சலங்கை கட்டும் நாளில் அது ஏட்டில் இருப்பதை விட உடம்பில்தான் கூடுதலாக இருக்கிறது. களரியைச் சுற்றியிருப்பவர்களுக்கும் அடுத்த வரி தெரியும். தன் பங்கு சிறிது என்பதால்தான் கூத்தாடுபவனுக்கு அது முழுவதும் வாய்த்தது. அண்ணாவியாருக்கு முழுக் கூத்தும் தெரிகிறதே என்றால், அதற்கு அவர் கொடுத்த விலை அவரது ஆயுள்.

காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள், வழக்கொழிந்து போன யாழ் என்ற இசைக் கருவியின் அமைப்பையும் சுருதியையும் தேடி ஆண்டுக் கணக்காக உழைத்து, 1947 ஜூனில் யாழ் நூலை அரங்கேற்றி, அடுத்த மாதமே மறைந்தார். யாழுக்கே அந்தக் கதியென்றால், 2022 மே மாதத்தோடு ஐபொட்டின் கதை முடிந்ததில் வியப்பில்லை. கருவிகள் போய்க்கொண்டேதான் இருக்கும். போகிற கருவியிலிருந்து நம்மோடு எது தங்குகிறது என்று கேட்டால், அதில் எவ்வளவு ஏற்றி வைத்தோம் என்பதைப் பொறுத்து அது தங்குவதில்லை, எதற்கு நம் நேரத்தையும் செவியையும் திரும்பத் திரும்பக் கொடுத்தோமோ, எதற்காக வேறு பலவற்றை மனமறிந்து விட்டுக்கொடுத்தோமோ, அது மட்டுமே நமக்குள் வேர்விட்டு, கருவி பழுதான பின்னும், ஊர் மாறிய பின்னும், பாடியவர் மறைந்த பின்னும் நம் குரலில் எழுந்து வருகிறது. பாட்டுக்கு மட்டுமன்றி, கற்ற நூலுக்கும் பழகிய மனிதருக்கும் இது பொருந்தும்.

ஆகையால் என் கை அந்தத் திரையில்லாததற்கே போகும். அதற்கும் ஒரு குறை உண்டு: அது ஒருவர் காதுக்கு மட்டும் பாடுகிறது, பிற்பாட்டுக்கு ஆள் கேட்பதில்லை. எனவே இடைக்கிடை வயரைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் இருப்பவர் கேட்க வாய்விட்டுப் பாடிப் பார்க்க வேண்டும். மூன்றாவது வரியில் தடக்கினால் அந்தப் பாட்டு இன்னும் கார்ட்டில்தான் கிடக்கிறது. அப்படிப் பார்க்கப் போனால் 120 பாட்டும் மிகை. இந்த மாரிக்கு இருபது போதும்.