நினைவிழந்தவரின் சொல்

உடல் நாளும் மாறுகின்றது. ஆயினும் நேற்றைய ஆளும் இன்றைய ஆளும் ஒருவரே என்று உலகம் கொள்ளுகின்றது. இவ்வொருமைக்கு ஆதாரம் யாது? 1694இல் வெளிவந்த தமது நூலின் இரண்டாம் பதிப்பிலே ஆங்கில மெய்யியலறிஞர் ஜோன் லொக் இதற்கு விடை கூறினார். ஒருவரது உணர்வு பின்னோக்கிச் சென்று பழைய செயல்களைத் தன்னுடையவையென எவ்வளவு தூரம் இனங்காணுகின்றதோ, அவ்வளவு தூரத்துக்கே அவர் அதே ஆள் என்பது அவர் வாதம். நினைவு செவ்வனே உள்ளோரை மட்டும் கருத்திற் கொண்டால் இவ்விடையிற் குறை தோன்றுவதில்லை. நினைவு சிதைந்தவர் முன்னிலையிலேதான் அது சோதனைக்குள்ளாகின்றது.

1901 நவம்பரில், ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகர மனநோய் வைத்தியசாலையில் அவுகுஸ்தே டெற்றர் என்னும் 51 வயதுப் பெண் சேர்க்கப்பட்டார். வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர் தாம் வினவியவற்றையும் அவர் விடையளித்தவற்றையும் குறித்துவைத்தார். பெயர் யாதெனக் கேட்க, அவுகுஸ்தே என்றார். கணவரின் பெயரைக் கேட்டபோதும் அவ்விடையே வந்தது. பூக்கோவாவும் பன்றியிறைச்சியும் உண்டுகொண்டே, தாம் உண்பது பசளிக்கீரை என்றார். தம் பெயரை எழுதத் தொடங்கி இடையிலே மறந்தார். தம்மைத் தாமே இழந்துவிட்டதாகவும் அவர் கூறினார்.

1906இல் அவர் இறந்தபின் அவரது மூளையை அல்சைமர் ஆராய்ந்தார். நரம்புக்கலங்களுக்கு வெளியே படிவுகளும், கலங்களுக்குள்ளே முறுக்குண்ட இழைகளும் காணப்பட்டன. அவை புரதங்களாலானவை என்பது இன்று தெரிந்த செய்தி. 1910இல் கிரேப்பெலின் என்பார் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார். நோயாளியின் பெயரைச் சூட்டவேண்டுமென எவருக்கும் தோன்றவில்லை.

லொக்கின் அளவுகோலை அப்படியே பிரயோகித்தால், அவ்வைத்தியசாலையில் இருந்தவர் பழைய அவுகுஸ்தே அல்லர். ஆனால் தம்மை இழந்ததாகக் கூறியவர் யார்? இழப்பை இழப்பென அறிவதற்கு அங்கே ஒருவர் இருத்தல் வேண்டுமன்றோ? நினைவென்பதும் ஒற்றைப் பொருளன்று. இந்நோயில் அண்மைய நிகழ்ச்சிகளின் நினைவே பெரும்பாலும் முதலிற் குன்றுகின்றது. கைப்பழக்கமும், கேட்டுப் பழகிய இசையும், அன்பான குரலுக்கு மலரும் முகமும் நெடுங்காலம் எஞ்சியிருத்தல் கூடும். எஞ்சியதை வெறும் எச்சமெனத் தள்ளுவது நினைவுள்ளோரின் செருக்கேயாகும்.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. நலமாயிருந்த காலத்தில் ஒருவர் எழுதிவைத்த விருப்பமும், நோயுற்றபின் அவர் காட்டும் விருப்பமும் முரண்படின் எதற்கு இணங்குவது? வாழ்நாள் முழுவதையும் அளாவிய முன்னைய தீர்ப்பே மேலானது என்றார் அமெரிக்கச் சட்ட மெய்யியலாளர் றொனால்ட் டுவோர்க்கின், 1993இல் வெளியான நூலொன்றில். இன்று மகிழ்ந்திருப்பவரின் நலனை அன்றைய சொல்லுக்குப் பலியிடலாகாது என றெபெக்கா டிறெஸ்ஸர் 1995இல் மறுத்தார். டுவோர்க்கினின் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. ஆயுள் முழுவதும் புலால் மறுத்தவர் நோயின் மயக்கத்தில் இறைச்சி கேட்டால், அதனைக் கொடுக்கப் பிள்ளைகளின் கை கூசும், அக்கூச்சம் பிழையன்று. எனினும் உயிரைப் பற்றிய பேச்சு அவ்வாறன்று. நலமாயிருந்தவர் நோயை வெளியே நின்று அஞ்சினார். அதனுள் வாழப்போகின்றவரைக் கலந்துகொள்ளும் வழி அவருக்கு இருக்கவில்லை.

நெதர்லாந்தில் 2016இல் நிகழ்ந்தது இவ்விடயத்தைக் கடுமையாக்கிற்று. மறதி நோயுற்ற 74 வயதுப் பெண்ணொருவர், பராமரிப்பு இல்லத்துக்குச் செல்லும் நிலை வந்தால் தமது உயிரைப் போக்குமாறு முன்னரே எழுதிவைத்திருந்தார். இல்லத்துக்கு வந்தபின் சாவை வேண்டுவதும் வேண்டாமென்பதுமாக இருந்தார். வைத்தியர் அவரது கோப்பியில் மயக்கமருந்தைக் கலந்தார். இறுதி மருந்து ஏற்றப்படுகையில் அவர் எழ முயல, குடும்பத்தினர் பிடித்துக்கொண்டனர். 2019இல் ஹேக் நகர நீதிமன்றம் வைத்தியரை விடுவித்தது; 2020 ஏப்பிரலில் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றமும், எழுத்திலுள்ள முன்விருப்பத்தை வைத்தியர் நிறைவேற்றலாம் என்றது. வைத்தியர் தீய எண்ணத்துடன் நடந்தார் என்பதற்கில்லை. அவரை ஒறுப்பதாலும் பயனொன்றில்லை.

ஆனால் அப்பெண்ணின் எழுத்திலே இன்னொன்றும் இருந்தது. அதற்குரிய வேளை வந்துவிட்டதெனத் தாமே கருதும்போது என்று அவர் எழுதியிருந்தார். அந்தத் ‘தாம்’ எவரைச் சுட்டுகின்றது? அவர் மனங்கலங்கக்கூடும் என்பதனால், அன்றைய தினம் அதனை அவரிடம் எவரும் கேட்கவில்லை. கோப்பி மட்டும் கொடுக்கப்பட்டது.